கறுப்பு மோலியும் இருபத்தோரு தட்டும்

என் வீட்டுக்கு வருகிறவர்கள் மீன் தொட்டியைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இத எப்பக் கொழம்பு வப்பீங்க?" என்பதுதான். ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறார்கள். சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்டார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர் கேட்டார். அதே வீட்டில் பல வருஷமாக அந்த மீன்களோடு குடித்தனம் நடத்துகிற என் அம்மா, இன்றைக்கும் மாதம் ஒருமுறை கேட்கிறார். என் மீன்களில் பெரியது என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதைக் குழம்பு வைத்தால் மீனைத் தேடுவதற்கு மைக்ராஸ்கோப்தான் வேண்டும்.

மைக்ராஸ்கோப் என்னிடம் உண்டு. வீட்டில் இல்லை, வேலை பார்க்கிற இடத்தில். அன்னவாசல் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். காலையிலிருந்து மாலைவரை ரத்த அணுக்களை எண்ணுவது என் பிழைப்பு. எண்ணி எண்ணிக் கண் பூத்து வீட்டுக்கு வந்தால், எண்ணவே முடியாத கூட்டமொன்று கண்ணாடிக்குப் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு காத்திருக்கும். கப்பி மீன் வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஆசைப்பட்டு ஒரு ஜோடி வாங்குவோம். ஆறு மாதத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கெஞ்சிக் கெஞ்சிக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

தொட்டி முன்னால் உட்கார்ந்தால் கோபம் குறையும் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். தொட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டே நான் பல பேரைப் போனில் திட்டித் தீர்த்திருக்கிறேன். மீன்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாது, அவ்வளவுதான் சௌகரியம்.

போன வருஷம் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தங்கச்சியை அரிமளத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பாப்பாவுக்கு அப்போது நாலரை வயது. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் வேண்டும். அவர்தான் சீர்த்தட்டுகளோடு மேளம் முழங்க வர வேண்டும், அவர் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும், அவர் தோளில்தான் துண்டு போட்டு மரியாதை செய்வார்கள். எங்கள் வீட்டிலோ நாங்கள் இரண்டு பேரும் பெண்கள். அப்பாவும் தவறிவிட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்றிருந்தது, செய்துகொள்ளவில்லை. ஆக எங்கள் பக்கம் ஆண்வாடை என்று பார்த்தால் தொட்டியில் இருக்கிற கப்பிகள்தான்.

தங்கச்சியின் மாமியார் அம்மாவுக்குப் போன் செய்து, சர்க்கரை போட்ட குரலில் கேட்டார்.

"ஏத்தா, மாமன் சீரு யாரு கொண்டாராக?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் வியர்த்துப்போனார். பெரியப்பா மகன் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவரை வரச்சொல்வது என்று முடிவானது. எனக்கு அண்ணன் முறை, தங்கமான மனுஷர். ஆனால் மீசை பெரிது. பாப்பா அவரை ஒரே ஒரு தடவை ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள். அந்த மீசையைப் பார்த்து வீறிட்ட வீறலில் தாலி கட்டுகிற வீடியோ முழுக்க அவள் சத்தம்தான்.

அன்று சாயங்காலம் தங்கச்சி வீடியோ காலில் வந்தாள்.

"அக்கா, பொறந்த வீட்டுல ஆம்பள இல்லன்னு இங்க ஆளாளுக்குப் பேசிக்கிட்டு இருக்காக. ஒரு தட்டு கொறஞ்சாலும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக. நீதான் பாத்துக்கணும்."

நான் பதில் சொல்வதற்குள் போன் கைமாறிவிட்டது. திரை முழுக்கப் பாப்பாவின் மூக்கு.

"பெரிம்மா, கறுப்பக் காட்டு."

கறுப்பு என்பது என்னிடம் இருந்த ஒரு கறுப்பு மோலி. உடம்பில் ஒரு புள்ளி வேறு நிறம் கிடையாது. அடுப்புக்கரியில் செய்து கண் மட்டும் வைத்த மாதிரி இருக்கும். பாப்பாவுக்கு அதன்மேல் அப்படி ஒரு கிறுக்கு. தினமும் வீடியோ காலில் அதைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுவாள். போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். பார்த்தாள். திருப்தியாக ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு சொன்னாள்:

"காது குத்தும்போது நான் ஒன் மடியிலதான் ஒக்காருவேன். மீச மாமா வேணாம். கறுப்பும் வரணும்."

திரைக்கு வெளியே எங்கோ மாமியாரின் குரல் கேட்டது. "பொம்பள மடியில வச்சுக் குத்துற வழக்கம் இல்லடி தங்கம்."

வழக்கம் இல்லைதான். எனக்கும் தெரியும். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நொடியிலிருந்து எனக்கு அந்த இடம் வேண்டும் என்று இருந்தது. அந்தப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் வாங்கியவள் நான். அதற்கு மஞ்சள் காமாலை எவ்வளவு என்று ரத்தம் பார்த்தவள் நான். ஒரு மீசை இல்லாத குற்றத்துக்காக ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மடி கிடைக்காவிட்டால் போகிறது, தங்கச்சி தலைநிமிர்ந்து நிற்கிற மாதிரி சீராவது கொண்டுபோவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கூடவே கறுப்பையும்.

சீர்த்தட்டு எப்போதும் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இருபது தட்டு, இருபத்தொன்றாவதாக மீன் தொட்டி என்று நான் அறிவித்ததும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சீரு வரிசையில எவளாச்சும் மீனக் கொண்டு போவாளா?"

"கிடாயக் கொண்டு போறீங்கள்ல?"

"கிடாய வெட்டித் திங்கலாம்."

அதோடு பேச்சு நின்றிருக்கலாம். ஆனால் அம்மா ஒரு விஷயத்தில் இறங்கிவிட்டால் அரைகுறையாக விடமாட்டார். அடுத்த இரண்டு நாளில் மீன் தொட்டிக்கென்று ஒரு சாஸ்திரமே உண்டாக்கிவிட்டார். முதல் விதி, மீனும் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். சரி, பதினொன்று. ஐந்து கப்பி, ஐந்து ஜீப்ரா, ஒரு மோலி. இரண்டாவது விதி, மங்கல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மறுநாள் காலையில் காபியை நீட்டியபடி அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னார்.

"மத்த பத்தும் கலர் மீனுதான? இது கன்னத்துல வைக்கிற திருஷ்டிப் பொட்டு மாதிரின்னு வச்சுக்கிருவோம்."

என் அம்மாவை நான் அன்றுதான் முதல் தடவையாக முழுசாக மெச்சினேன்.

மூன்றாவது விதிதான் என்னைக் கொன்றது. தொட்டியைத் தனியாக, மீனைத் தனியாகப் பையில் கொண்டுபோய், மண்டபத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது என்பது என் திட்டம். மீன் வளர்க்கிற எவரும் அப்படித்தான் செய்வார்கள். கண்ணாடித் தொட்டியைத் தண்ணீரோடு தூக்கினால் ஒட்டு விட்டுவிடும். ஆனால் அம்மா ஒரே போடாகப் போட்டார்: "வெறும் பாத்திரத்தச் சீர்ல தூக்கிட்டுப் போவாளா எவளாச்சும்? அரிமளத்துக்காரவுக வாசல்லயே நிறுத்திருவாக." காலிக் குடத்தோடு எதிரே வருகிறவரைப் பார்த்தால் திரும்பிப் போகிற ஊர் இது. கடைசியில் ஒன்றரையடித் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர், மீனும் உள்ளேயே, தெருமுனையிலிருந்து மண்டபம்வரை மட்டும் தூக்கிப் போவது என்று உடன்படிக்கை ஆனது.

தண்ணீரையும் நான்தான் கொண்டுபோனேன். பழகிய தண்ணீரை மாற்றினால் மீன் தாங்காது. தொட்டியிலிருந்து லேசாகப் பச்சை கட்டிய தண்ணீரை இரண்டு கேனில் பிடித்து வேனில் ஏற்றியபோது, பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "ஏன், அரிமளத்துல தண்ணிக் கஷ்டமா?"

புறப்படுவதற்கு முதல் நாள் மோலியின் வயிறு கொஞ்சம் உப்பலாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, தீனி அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். கப்பியும் மோலியும் முட்டை போடாது, குட்டிதான் போடும். கப்பியோ வேறு வெளிர்நிற மீனோ சினையாக இருந்தால், வாலுக்குச் சற்று முன்னால் வயிற்றில் கருமையாக ஒரு மறு தெரியும். பிரசவ தேதியே சொல்லிவிடலாம். ஆனால் உடம்பே கறுப்பாக இருக்கிற மீனில் கறுப்பு மறுவை எங்கே போய்த் தேடுவது? பரிசோதனை நிலையத்தில் தினமும் நாலு பெண்களுக்கு "பாசிட்டிவ்" என்று எழுதிக் கொடுக்கிற எனக்கு, வீட்டில் இருந்த மகராசி நிறைமாதம் என்று தெரியவில்லை.

காலையில் வேன் கிளம்பியது. அம்மா, திருப்பூர் அண்ணன், அத்தைமார் எட்டுப் பேர், தட்டுகள், கடைசி இருக்கைக்குப் பின்னால் கிடாய். மீன்கள் காற்று நிரப்பிய பாலித்தீன் பையில், பை ஒரு வாளியில், வாளி என் மடியில். டிரைவர் குத்துப்பாட்டுப் போட்டார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் "மெதுவா!" என்று கத்தினேன். அவர் கண்ணாடியில் என் மடியைப் பார்த்துவிட்டு, "கைப்பிள்ளையாக்கா?" என்று கேட்டார். வேனே சிரித்தது. புதுக்கோட்டை தாண்டும்போது பின்னாலிருந்து 'மடக் மடக்' என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் மூடி கழன்ற கேனுக்குள் மூஞ்சியை விட்டு, கிடாய் என் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. அரைக் கேன் காலி. நான் போட்ட கூச்சலுக்கு அது தலையைத் தூக்கி, தாடியில் தண்ணீர் சொட்ட, என்னைப் பார்த்தது. அந்தத் தண்ணீரின் அருமை தெரிந்த ஒரே ஜீவன் அதுதான் என்று அம்மா சொன்னார்.

அரிமளத்தில் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் இறங்கித் தொட்டியை அமைத்தேன். அடியில் கூழாங்கல், மேலே தண்ணீர், மெதுவாக மீன்கள். வெளிக் கண்ணாடியில் அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தார். உள்ளேயும் ஒரு சிட்டிகை மஞ்சள் போட வந்த கையை நடுவானில் பிடித்தேன்.

டிரம் செட் அதிர ஆரம்பித்தது. அம்மா, அத்தைமாரோடு அங்கே வந்து காத்திருந்த எங்கள் பக்கத்துச் சொந்தக்காரப் பெண்களும் சேர்ந்து இருபது பேர் இருபது தட்டோடு முன்னால் போக, கடைசியாகத் தொட்டியை நானும் திருப்பூர் அண்ணனும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். வழி தெரிகிற மாதிரி நான் முன்னோக்கி நடக்க, அவர் பின்னோக்கி நடந்தார். பாவம், பட்டு வேட்டி. ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் தளும்பி அவர் வேட்டியில்தான் விழுந்தது. "தங்கச்சி, இது கவிச்சி அடிக்குமா?" என்று மட்டும் ஒருதரம் கேட்டார். மாடிகளில் இருந்தெல்லாம் செல்போன் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அண்டாவும் பழமும் பட்டும் யாரும் பார்க்காத காட்சியா? மீன் சீர் அந்தத் தெரு கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடம்பெல்லாம் லேசாகி, டிரம் அடிக்கு என் காலும் ஆட ஆரம்பித்துவிட்டது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஆடக் கூடாது என்று எனக்கே தெரியும். இருந்தும் ஆடினேன்.

மண்டப வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். பக்கத்தில் தங்கச்சி, அவள் இடுப்பில் பாப்பா. இன்னொரு தட்டில் தாய்மாமனுக்கு மாலையும், மடித்து வைத்த சரிகைத் துண்டும். நாங்கள் தொட்டியோடு முன்னால் போய் நின்றோம். அப்போதுதான் அவர்கள் பக்கத்து அம்மாள் ஒருவர் குனிந்து பார்த்து அலறினார்.

"ஆத்தாடி! தண்ணிக்குள்ள கொசுப்புழு!"

டெங்குப் பரிசோதனை செய்கிறவள் கொண்டுவந்த சீரில் கொசுப்புழு! தங்கச்சியின் முகத்தில் ரத்தமே இல்லை. "வியாதியக் கொண்டாந்துருக்காக" என்று பின்னால் ஒரு குரல். நான் தொட்டிக்குள் பார்த்தேன். கூழாங்கல்லுக்கு மேலே கருஞ்சீரகம் அளவில் கறுப்பு கறுப்பாக என்னவோ துடித்தது. ஆனால் கருஞ்சீரகத்துக்கு இரண்டு கண் இருக்காது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோலி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. இன்னொன்று உருண்டு விழுந்து, விரிந்து, நீந்திப் போனது.

"குட்டி போட்டுருச்சு!" என்று கத்தினேன்.

டிரம் டக்கென்று நின்றது.

"யாரு, கிடாயா?" என்றார் டிரம் அடிக்கிறவர்.

சிரிப்பு வெடித்ததில் ஆரத்தித் தட்டே ஆடிப்போனது. கிடாய் எப்படிக் குட்டி போடும் என்று அவருக்கு யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார், அவர் சிரித்ததில் மீதித் தண்ணீரும் வேட்டியில் இறங்கியது. சிரிக்காமல் நின்றவர் ஒரே ஒருவர்.

"எத்தன?" என்றார் மாமியார்.

"பதினொன்னு அத்தை, ஒத்தப்படைதான்."

"அது பொறப்பட்டப்ப. இப்ப எத்தன?"

என் சிரிப்பு அடங்கிவிட்டது. அவருக்கு எல்லாமே ஒற்றைப்படையில் வர வேண்டும். தங்கச்சி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இரட்டைப்படையில் வந்த சீரை உள்ளே விடமாட்டார் என்பதல்ல பயம். உள்ளே விட்டுவிட்டு, இருபது வருஷம் சொல்லிக் காட்டுவார். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கு வந்த மீன் கணக்கு வெளியே வரும். சுற்றி நின்ற எல்லோரும் எண்ண ஆரம்பித்தார்கள். ஒருவர் எட்டு என்றார், ஒருவர் பன்னிரண்டு என்றார். நானும் எண்ணினேன். லட்சக்கணக்கில் அணுக்களை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, ஓடுகிற பத்துக் குஞ்சை எண்ண வரவில்லை. நடுவில் மோலி திரும்பி, தான் பெற்றதில் ஒன்றை லபக்கென்று விழுங்கியது. "அடிப்பாவி, பெத்தவளே திங்குறாளே!" என்று கூட்டம் பதறியது. மோலி அப்படித்தான், உடனே பிரிக்காவிட்டால் தின்றுவிடும் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"நல்ல நேரம் போகுது. உள்ள கொண்டாங்க, எண்ணிப் பாத்துக்கிருவோம்" என்று சொல்லி, மாமியார் ஆரத்தியைச் சுற்றினார். மாலையையும் துண்டையும் யாருக்கும் போடவில்லை. அந்தத் தட்டு அப்படியே உள்ளே போனது. தங்கச்சி என்னைக் கடந்து போகும்போது, "அக்கா, மானம் போகுது" என்று மட்டும் சொன்னாள்.

மேடை ஓரத்தில் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சீர்த் தட்டில் இருந்த பாத்திரச் செட்டைப் பிரித்தேன். அதிலிருந்த புதுத் தூக்குவாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு, புது டீ வடிகட்டியால் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட ஆரம்பித்தேன். பட்டுப்புடவை முழங்கைவரை நனைந்துவிட்டது. "சீர் சாமானப் பிரிச்சுட்டாளே" என்று அம்மா மெதுவாகப் புலம்பியது கேட்டது.

மேடையில் அதைவிடப் பெரிய கூத்து. திருப்பூர் அண்ணன் மணையில் உட்கார்ந்திருந்தார். பாப்பாவை அவர் மடியில் வைத்தார்கள். அவள் வில்லாக வளைந்து நழுவினாள். மறுபடி வைத்தார்கள். மீசையைப் பிடித்து இழுத்தாள். காது குத்தும் ஆசாரி கையில் ஊசியோடு பொறுமையாகக் காத்திருந்தார். தங்கச்சி கெஞ்சினாள், மாப்பிள்ளை மிரட்டினார், ஒருவர் சாக்லேட் காட்டினார், ஒருவர் பலூன். ஈரவேட்டியோடு உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், இவருக்கும் அழுகை வந்துவிடும்போல இருந்தது.

மூன்றாவது தடவை நழுவியவள் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். நேராக என்னிடம். ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்குவாளிக்கும் எனக்கும் நடுவில் புகுந்து, என் மடியில் பொத்தென்று உட்கார்ந்து, வாளிக்குள் தலையை விட்டாள்.

"கறுப்புக்குப் பாப்பாவா?"

"ஆமா."

"எத்தன?"

"நீதான் எண்ணிச் சொல்லணும். எனக்கு வரல."

"ஒன்னு," என்றாள் பாப்பா.

ஆசாரி மாமியாரைப் பார்த்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் தொண்டையைச் செருமினார். "மாமன் மடியில வச்சுக் குத்தாட்டி அது செல்லாதுங்க."

"காதுல ஓட்ட விழுந்தாச் செல்லும்" என்றேன். வாயை அடக்கியிருக்கலாம். எனக்கு அது வராது. மடியில் பிள்ளையின் கனம் இருந்தது, அதை இறக்கி விடச் சொல்லிவிடுவார்களோ என்று பிள்ளையை இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டேன். அந்தச் சித்தப்பாவை எதிர்த்துப் பேசியது பயத்தில்தான்.

மாமியார் எழுந்தார். என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆசாரி, அங்கிட்டே போயிக் குத்துங்க."

ஆசாரி வந்து எங்கள் பக்கத்தில் குந்தினார். பாப்பா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அஞ்சு... ஆறு... ஏய், ஓடாத... ஏழு..." எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வலது காது முடிந்தது. ஒரு நொடி திகைத்தாள். பிறகு வாய் கோணியது. வீறல் கிளம்பியது. இனி இன்னொரு காது பாக்கி. ஒரு காதோடு எத்தனை பிள்ளைகள் எழுந்து ஓடியிருக்கிறார்கள் என்று ஆசாரியின் முகமே சொன்னது.

எனக்கு என்ன தோன்றியதோ, வடிகட்டியை அவள் கையில் கொடுத்தேன்.

"அழுதா அது பயந்து ஓடிரும். கணக்கு விட்டுப்போச்சு பாரு. மொதல்ல இருந்து எண்ணு."

விசும்பிக்கொண்டே எண்ணினாள். இந்தத் தடவை அவளோடு சேர்ந்து தங்கச்சி எண்ணினாள். அம்மா எண்ணினார். மணையில் உட்கார்ந்திருந்த அண்ணன் எண்ணினார். கடைசியில் மண்டபமே பள்ளிக்கூடம் மாதிரி கோரஸாக எண்ணியது. "பதினொன்னு! பன்னெண்டு!" பதிமூன்றில் இடது காது. சின்னதாக ஒரு "ஆ" மட்டும். அவளுக்கு அவசரம், கடைசிக் குஞ்சு வாளியின் ஓரத்தில் ஒளிந்திருந்தது.

"பதினாலு!" என்றாள், மூக்கொழுக.

எல்லோரும் கைதட்டினார்கள். மாமியாரின் புருவம் மட்டும் ஏறியது. "பதினாலா?"

இரட்டைப்படை. அப்புறம்தான் மூளை வேலை செய்தது.

"அத்தை, குட்டி பதினாலு. பெருசு பதினொன்னு. மொத்தம் இருபத்தஞ்சு."

அவர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். "இருபத்தஞ்சு" என்றார். மூன்றாம் தடவையும் கூட்டிவிட்டு, "ஒத்தப்படைதான்" என்று சபைக்கு அறிவித்தார். அந்த நேரம் பார்த்து, தொட்டியில் ஒரு கூழாங்கல்லுக்கு அடியிலிருந்து பதினைந்தாவது குஞ்சு ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது. அதை நான் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. இருவரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். கூட்டம் கலைந்து சாப்பாட்டுப் பக்கம் ஓடியது. முதல் வரிசையில் இலை பிடித்தவர் திருப்பூர் அண்ணன். தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கிய சந்தோஷம் அவர் மீசையிலேயே தெரிந்தது. பாப்பா அழுத களைப்பில் வடிகட்டியைப் பிடித்தபடி என் மடியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். என் இரண்டு கையிலும் மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைமேல் படக்கூடாதென்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

யாரோ பின்னாலிருந்து என் தோளில் ஒரு துணியைப் போட்டார்கள். நல்லவேளை என்று எடுத்து, முழங்கைவரை அழுத்தித் துடைத்தேன். முகத்தையும் ஒருதரம் துடைத்துக்கொண்டேன்.

"அடியே!" என்று அம்மா தூரத்திலிருந்து கத்தினார். "அது மாமனுக்கு வச்ச துண்டுடி! அதுல போயி மீன் தண்ணியத் தொடைக்கிற?"

குனிந்து பார்த்தேன். சரிகைத் துண்டு. நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தொடைக்கட்டும், விடுங்க" என்றார் அம்மாவிடம். "அவ துண்டுதான."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பந்தி விசாரிக்கப் போய்விட்டார். தங்கச்சி மேடையில் நின்றபடி என்னைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அதேதான். துடைத்த முகத்தை மறுபடியும் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

அம்மா ஓடிவந்து, பிள்ளையைத் தான் வாங்கிக்கொள்வதாகவும், சூடாக இருக்கும்போதே நான் போய்ச் சாப்பிட வேண்டும் என்றும், கறி தீர்ந்துவிடும் என்றும் சொன்னார். எனக்குக் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தது. பசி வேறு. அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.